வளவில் விழுந்தது ஆறுமணிக்குருவி

கானாடுகாத்தான் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், காலையில் ஒரு பறவை கிடந்தது, யார் வீட்டிலிருந்தாவது தப்பி வந்ததா, கூண்டு வாங்கி அரிசி போட்டு வளர்க்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பறவைக்குப் பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, குட்டை வால், கண்ணில் கறுப்புப் பட்டை என்றால், ஆறுமணிக்குருவிதான். யார் வீட்டிலிருந்தும் தப்பி வந்ததல்ல. இது பிட்டா என்ற பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழ்பவை. தமிழ்நாட்டுக்கு வருவது இது ஒன்றுதான். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும். இரவில் பறக்கும். அதனால் களைத்துப்போய் இப்படி வீடுகளில் விழுவது புதிதல்ல. எங்கள் தேவகோட்டை வீட்டிலும் ஓர் ஐப்பசியில் விழுந்தது, எவ்வளவு பதறினோம்!

கூண்டு வாங்க வேண்டாம், 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வளர்ப்பது குற்றம். அரிசியும் வேண்டாம், அது புழுபூச்சி தின்பது. முக்கியமாக, வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். அட்டைப்பெட்டியில் துளை போட்டு, துணி விரித்து, உள்ளே விட்டு மூடி, இருட்டான அறையில் வையுங்கள். பூனை அண்டக்கூடாது. பிள்ளைகள் அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது. ஓரிரு மணி நேரத்தில் தெம்பு வந்துவிட்டால், சருகு கிடக்கும் தோட்டத்து நிழலில் பெட்டியைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ தாமதிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.