எப்படியோ கீழே வந்துவிட்டேன்

அன்புள்ள ஐயா,

எனக்கு முப்பத்தொரு வயது. டிசம்பரில் வேலை போய்விட்டது. மனம் கொஞ்சம் தெளியட்டும் என்று மார்ச்சில் நண்பர்கள் நான்கு பேரோடு கோவைப் பக்கம், ஏழு மலை ஏறிப் போகும் வெள்ளியங்கிரிக்குப் போனேன். இரவு பத்து மணிக்கு அடிவாரத்துப் பூண்டியிலிருந்து ஏறத் தொடங்கினோம். முதல் மலையின் படிகளிலேயே மூச்சு வாங்கியது. ஐந்தாவது மலையில் குளிர்காற்று தாங்காமல் உடம்பு நடுங்கி, வாந்தி எடுத்து, உட்கார்ந்துவிட்டேன். நண்பர்கள் மேலே போனார்கள். விடிந்ததும் நான் தனியாகத் திரும்பினேன். அப்புறம் எப்படியோ கீழே வந்துவிட்டேன். ஏழாவது மலையில் அவர்கள் எடுத்த சூரிய உதயப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், எதையுமே முடிக்கத் தெரியாதவன் நான் என்று தோன்றுகிறது.

அக்டோபரில் இமயமலைக்குத் தனியாகப் போகலாமென்று இருக்கிறேன். ஒரு முதுகுப்பை, பத்து நாள். போனை அணைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல். மலை உண்மையிலேயே மனிதனை மாற்றுமா? எந்தப் பாதையில் தொடங்கலாம்? எந்த ஷூ நல்லது? வெள்ளியங்கிரியில் சேரும் கூட்டத்தையும் குப்பையையும் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

ம., சென்னை

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசைக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு மூங்கில் தடிகள் சாய்ந்திருந்தன. அதற்கு வருகிறேன். முதலில் சின்னக் கேள்விகள். ஷூ எதுவானாலும் சரி, ஒரு மாதம் ஊரிலேயே போட்டு நடந்து காலுக்குப் பழக்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கட்டும். குப்பை விஷயத்தில், உங்கள் பையில் மேலே போனதெல்லாம் உங்கள் பையிலேயே கீழே வந்ததா? வந்தது என்றால் அது போதும்.

யாரிடமும் சொல்லாமல் போவேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. எந்த வழி, எங்கே தங்கல், எந்தத் தேதிக்குள் வராவிட்டால் தேட வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள். பலர் உங்கள் வயதுக்காரர்கள். குழுவாக, வழி தெரிந்த ஆட்களோடு போனவர்களுக்கே அந்தக் கதி. நீங்கள் போனையும் அணைத்துவிட்டு எங்கோ ஒரு சரிவில் கால் மடங்கிக் கிடந்தால், உங்கள் அம்மா எந்த மாநிலத்துக்கு ரயில் ஏறுவார்? பத்து நாள் தனிமை வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் காணாமல் போகாதீர்கள்.

இப்போது தடிகள். போன மாதம் என் சித்தப்பா காலமானார். சோமனூரில் விசைத்தறி ஓட்டியவர். வீட்டை ஒழுங்குசெய்யும்போது பரண்மேல் சேலைக் கிழிசலால் கட்டிய ஒரு கட்டு கிடைத்தது. மலையேறும்போது ஊன்றிக்கொள்ளப் பூண்டியில் வாங்கும் தடிகள்தாம். ஒவ்வொன்றிலும் கைப்பிடிக்குக் கீழே கத்தியால் வருஷத்தைக் கீறியிருந்தார். அடிமுனைகளைத் தடவிப் பார்த்தேன். கல்லில் குத்திக் குத்தி நார்நாராகப் பிரிந்து, பழைய சுண்ணாம்பு மட்டை மாதிரி ஆகியிருந்தன.

1997 சித்ரா பௌர்ணமிக்கு அவரோடு நானும் போனேன். எனக்குப் பத்தொன்பது வயது. நான்காவது மலையில் தொடை பிடித்துக்கொண்டு கால் மடங்க மறுத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. மேலே வரிசையாக டார்ச் வெளிச்சங்கள் போய்க்கொண்டிருந்தன. "நீங்க போங்க சித்தப்பா, நான் இங்கயே இருக்கேன்" என்றேன். அவர் கொண்டுவந்த தேங்காயை அங்கேயே ஒரு பாறையில் உடைத்தார். ஏழாவது மலை இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். ஒரு சில்லை என் வாயில் திணித்துவிட்டு, "போதும் கண்ணு, எறங்கலாம் வா" என்றார். அவ்வளவுதான். வருஷம் முழுக்கக் காத்திருந்து, தறியை நிறுத்திக் கூலியை விட்டுவிட்டு வந்தவர்.

இறங்க அவர்தான் கற்றுக்கொடுத்தார். முதலில் தடி, அப்புறம் கால். உயரமான படியென்றால் பக்கவாட்டில் திரும்பி நின்று இறங்கு. முட்டியை விறைப்பாக வைக்காதே. கைதட்டிச் சுனையில் நிறுத்தி, தன் துண்டை நனைத்து என் தொடையில் சுற்றிவிட்டார். வெள்ளை விநாயகர் கோயிலுக்கு வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. நான் அவமானத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களைப் போலத்தான்.

நண்பர்களைப் பற்றி நீங்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். நான்கு பேரில் ஒருவராவது உங்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். வாந்தி எடுத்து நடுங்குகிறவனை இருட்டில் விட்டுவிட்டுப் போய் எடுத்த படம் அது. முதலில் அதைக் கைப்பேசியிலிருந்து அழியுங்கள்.

திரும்பியதைத் தோல்வி என்கிறீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏறும்போது நெஞ்சு உழைக்கிறது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தை ஒவ்வொரு அடியிலும் பிடித்து நிறுத்துகிறது. மறுநாள் மாடிப்படியில் கால் வைக்க முடியாமல் போவது அதனால்தான். மலையில் நடப்பவர்கள் விழுவதும் பெரும்பாலும் இறக்கத்தில்தான். உடம்பு ஓய்ந்திருக்கும், கவனம் வீட்டுக்குப் போயிருக்கும். ஏறுகிறவர் தன் தெம்பில் பாதியை இறக்கத்துக்கு மிச்சம் வைக்க வேண்டும். உங்களுக்கு எங்கே அது தீர்ந்தது என்று தெரிந்திருக்கிறது. எத்தனையோ பேருக்குத் தெரிவதில்லை. ஏழாவது மலைவரை போய், மாரடைப்பும் மூச்சுத்திணறலுமாக டோலியில் இறக்கப்படுகிறார்கள்.

நீங்கள் போக நினைக்கும் இமயத்தில் இது இன்னும் கறாரான கணக்கு. 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இன்றிரவு தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. தலைவலியும் வாந்தியும் வந்தால் அதற்குமேல் ஓரடி ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ இறங்கிவிட வேண்டும், இரவானாலும். அங்கே முதல் மருந்தே இறங்குவதுதான்.

யோரான் குரோப் என்று ஸ்வீடன்காரர் ஒருவர். எவரெஸ்டுக்காகத் தன் நாட்டிலிருந்து நேபாளம்வரை சைக்கிள் மிதித்து வந்தவர். 1996 மே மாதத் தொடக்கத்தில், உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் இருக்கும்போது, நேரமாகிவிட்டது என்று திரும்பிவிட்டார். அடுத்த வாரம், 10, 11 தேதிகளில் அடித்த புயலில் அதே மலையில் 8 பேர் இறந்தார்கள். திரும்ப வேண்டிய நேரம் தாண்டியும் ஏறிக்கொண்டிருந்தவர்கள் பலர் அதில் சிக்கினார்கள். குரோப் 23-ஆம் தேதி மறுபடி ஏறி, ஆக்சிஜன் உருளை இல்லாமல் உச்சியில் நின்றார். அந்த 100 மீட்டரில் அவர் திரும்பியதைத் தோல்வி என்று உங்களால் சொல்ல முடியுமா?

மலை மாற்றுமா என்று கேட்டிருந்தீர்கள். சித்தப்பாவின் முன்கோபம் கடைசிவரை போகவில்லை. ஆனால் கூட நடப்பவர் பின்தங்கினால், அது சந்தைக்குப் போகும் வழியானாலும், நின்றுவிடுவார். உங்களுக்கு வேலை போன துக்கம் இருக்கிறது. அதற்கு ஈடாக ஒரு சிகரத்தைக் கேட்டிருக்கிறீர்கள். அது மலையால் ஆகிற காரியமில்லை. வேலை தேடுவதை மலையோடு முடிச்சுப் போடாதீர்கள்.

அந்தத் தடிக்கட்டில் 1997-ஐத் தேடினேன். அவர் அதைத் தனியாக ஒதுக்கியிருக்கவில்லை. 96-க்கும் 98-க்கும் நடுவில்தான் இருந்தது. மற்றவற்றைப் போலவே ஆழமாகக் கீறிய எழுத்து, அடியில் அதே நார்.

எந்தப் பாதை என்பதை அப்புறம் பேசலாம். அதற்கு முன் இன்னொரு கடிதம் எழுதுங்கள். ஏறிய கதையை விவரமாக எழுதிய நீங்கள், இறங்கியதை 'எப்படியோ' என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள். ஐந்தாவது மலையிலிருந்து பூண்டிவரை, உடம்பு முடியாமல், தனியாக எப்படி இறங்கினீர்கள்? எங்கெங்கே உட்கார்ந்தீர்கள்? யாராவது தண்ணீர் கொடுத்தார்களா? உங்கள் தடியை என்ன செய்தீர்கள்?