பழைய கம்ப்யூட்டருக்கு பென் டிரைவா, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

முதலில் யுஎஸ்பி போர்ட்டைப் பாருங்கள். அது பழைய 2.0 வகை என்றால் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட், என்பது ஏட்டுக் கணக்குதான். கையில் கிடைப்பது 30, 40 மெகாபைட். அதில் விலை உயர்ந்த எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) செருகினாலும் வேகம் கூடாது. நாளை புது கம்ப்யூட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம். சில ஃபைல்களைக் கொண்டுபோக பென் டிரைவ் போதும். போட்டோ, வீடியோ சேமிக்க 1 டிபி ஹார்டு டிஸ்க் என்பேன். யுஎஸ்பி 3.0 டிஸ்க்கும் பழைய போர்ட்டில் ஓடும். ஆனால் 2.0 போர்ட் தரும் மின்சாரம் 500 மில்லியாம்பியர்தான். டிஸ்க் 'டிக் டிக்' என்று திணறினால், தனி மின் இணைப்புள்ள யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகிப் பாருங்கள்.

அப்புறம், விண்டோஸ் எக்ஸ்பி என்றால் 2 டிபிக்கு மேல் போகவேண்டாம். ஃபார்மட் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும்; ஃபேட்32 என்ற பழைய முறையில் 4 ஜிபியைத் தாண்டும் ஒற்றை ஃபைல் ஏறாது.