பையனைப் பட்டறையில் சேர்க்கும் முன் முதலாளியிடம் என்ன கேட்பது?

"மேலே படிக்க மாட்டேன், மோட்டார் வைண்டிங் பட்டறையில் ஹெல்பராகச் சேரப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். தொழிலைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. மோட்டார் ஓடுகிற வரை அதன் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள், அதாவது காயில், கருகத்தான் செய்யும், அதைச் சுற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். அவன் யாரிடம் போய்ச் சேருகிறான் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஒரே வேலையைச் செய்கிற இரண்டு பையன்களில் ஒருவன் சில வருடங்களில் தனியாக மோட்டார் கட்டுவான், இன்னொருவன் கடைசிவரை எடுபிடியாகவே இருப்பான்.

எப்படி என்று சொல்கிறேன். கருகிய மோட்டார் வந்தால் பழைய காயிலை வெட்டி எடுப்பது புதுப் பையனின் வேலை. கரி அப்பும், கம்பி முனை கையைக் கிழிக்கும். வெட்டியதை அப்படியே பழைய செம்பு மூட்டையில் போட்டுவிட்டால் அது வெறும் கூலி வேலை. வெட்டுவதற்கு முன் ஸ்டேட்டரில் (மோட்டாரின் சுழலாத பகுதி) எத்தனை ஸ்லாட் (கம்பி உட்காரும் பள்ளம்), ஒரு காயில் எந்த ஸ்லாட்டில் இறங்கி எதில் ஏறுகிறது, கம்பி முனைகளை இணைத்திருப்பது ஸ்டார் முறையிலா டெல்டா முறையிலா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். வெட்டிய பிறகு ஒரு காயிலில் எத்தனை சுற்று என்று எண்ணி, மேலே பூசிய எனாமலைச் சுரண்டிவிட்டுக் கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். இதைச் செய்யவிட்டால் அதே அழுக்கு வேலையில் பையன் தொழில் படிக்கிறான். அந்தக் கணக்கை வைத்துத்தான் புதுக் காயில் சுற்றுவார்கள். சுற்று குறைந்தால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும், கூடினால் இழுவை போய்விடும். நல்ல மேஸ்திரி முதல் வாரத்திலேயே பையன் கையில் நோட்டைக் கொடுத்துவிடுவார்.

ஆகவே சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் பட்டறையில் போய் உட்காருங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கிற பையனிடம் பேச்சுக் கொடுங்கள். வந்து ஒரு வருடம் ஆகியும், "கனெக்ஷன் எல்லாம் அண்ணன்தான் கொடுப்பார், நான் பக்கத்தில் நிற்பேன்" என்று அவன் சொன்னால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

முதலாளியின் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஒருவர், இருவர் வைத்து நடத்துகிற பட்டறையில் புதுப் பையன் முதல் சில மாதங்களுக்கு நஷ்டம்தான். கம்பி வீணாகும். அரை மணி நேர வேலை, சொல்லிக்கொடுத்துச் செய்வதால் இரண்டு மணி நேரம் இழுக்கும். அப்புறம், தொழிலைக் கற்றுக்கொண்டு எதிரிலேயே கடை போட்டுவிடுவான் என்கிற பயம் வேறு. பலர் இணைப்பு கொடுப்பதையும் வேலைக்கு எவ்வளவு கேட்பது என்ற கணக்கையும் மட்டும் கடைசிவரை கண்ணில் காட்டாமல் வைத்துக்கொள்வது இந்தப் பயத்தால்தான். "இத்தனை வருடம் உங்களோடு இருப்பான்" என்று நீங்களாகவே முதலில் சொன்னால் பேச்சு சுலபமாகும்.

எத்தனை வருடம்? இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் பழக ஏழு வருடம் என்று கட்டாயப்படுத்தியது, 1814-இல்தான் அந்தக் கட்டாயம் போனது. முதலில் பட்ட நஷ்டத்தைப் பின்வருடங்களில் முதலாளி ஈடுகட்டிக்கொள்வார் என்பது கணக்கு. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1805-இல், 14 வயதில், லண்டனில் ஒரு புத்தகம் கட்டும் கடையில் அப்படித்தான் ஏழு வருடத்துக்குச் சேர்ந்தார். கட்ட வந்த புத்தகங்களைப் படிக்க அந்த முதலாளி தடை சொல்லவில்லை. மின்சாரத்தைப் பற்றி ஃபாரடே முதலில் படித்தது அங்கேதான். மின்சாரத்தைக் கொண்டு கம்பியைச் சுழல வைத்து 1821-இல் அவர் காட்டியதிலிருந்துதான் உங்கள் மகன் கட்டப்போகிற மோட்டாரே வந்தது. முதலாளி அமைவது என்றால் அப்படி அமைய வேண்டும். இன்று ஏழு வருடமெல்லாம் தேவையில்லை. ஜெர்மனியில் மின்தொழில் பயிற்சியே மூன்றரை வருடம்தான், அதிலும் இடையிடையே தொழிற்பள்ளிக்கு அனுப்புகிறார்கள். வைண்டிங் மட்டும் என்றால் இரண்டு, மூன்று வருடம் பேசுங்கள். வாரத்தில் ஒரு நாளோ சில மாலைகளோ சான்றிதழ்ப் படிப்புக்கு விடுவாரா என்றும் கேளுங்கள். பின்னால் பெரிய ஆலையில் வேலைக்குப் போனால் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

சம்பளத்தில் ரொம்ப இழுக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே கூடுதலாகத் தருகிறவருக்குப் பெரும்பாலும் சுமை தூக்க ஆள் வேண்டும். குறைவாகத் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறேன் என்பவர் மேல். ஒன்றுமே தரமாட்டேன் என்றால் சரி என்று சொல்லாதீர்கள், பையன் முதல் நாளிலிருந்தே வேலை செய்கிறான்.

பேசியதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை வருடம், வேலை நேரம், வார விடுமுறை, சம்பளம் எப்போது ஏறும், அடிபட்டால் செலவு யாருடையது, எந்த வேலையை எப்போது அவன் கையில் கொடுப்பார். பையனுக்கு 18 ஆகவில்லை என்றால் கரண்ட் கொடுத்துச் சோதிக்கிற இடத்தில் தனியாக நிற்க வைக்கக் கூடாது என்பதையும் சேருங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023-இல் தொழில்பழகுநர் பயிற்சி பற்றிக் கொண்டுவந்த 208-ஆம் எண் பரிந்துரையும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் சிறு முதலாளியிடம் பரிந்துரை, சட்டம் என்று ஆரம்பித்தால் மிரண்டுவிடுவார். "எழுத்தெல்லாம் எதற்கு, என் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அவர் மனதாரச் சொல்வதாகவே இருக்கலாம். "உங்களுக்கும் எனக்கும் மறந்துவிடக் கூடாது, அதற்குத்தான்" என்று சொல்லி அவர் முன்னாலேயே எழுதி ஒரு நகலை அவரிடம் கொடுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் மூன்று மாதம் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டு, மாதாமாதம் பையனின் நோட்டை வாங்கிப் பாருங்கள். மூன்றாம் மாதத்திலும் சுற்றுக் கணக்கு எதுவும் அதில் ஏறவில்லை என்றால் சண்டை போடாமல் நன்றி சொல்லிவிட்டு வேறு பட்டறை பாருங்கள்.