சபையில் வெட்கப்பட்டு நின்றவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி (ஆரையம்பதி): காத்தான்குடி முஸ்லிம் நண்பனின் கலியாணத்தில் என்னையும் சஹனில் இருத்தினார்கள். நடுவில் இருந்த கோழியை நானே முதலில் எடுத்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். இனி அவன் முகத்தில் எப்படி முழிப்பது?

பதில்: தம்பி, சஹன் என்றால் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. தட்டில் கோடு இல்லாவிட்டாலும் அவரவருக்கு முன்னால் இருக்கிற பக்கம்தான் அவரவர் பங்கு. நடுவில் இருக்கும் இறைச்சியை யாராவது பிய்த்து எல்லார் பக்கமும் தள்ளிவிடுவார். அதுவரை பொறுத்திருக்க வேண்டும். வலது கையால் மட்டும் சாப்பிடுங்கள். வயிறு நிறைந்தாலும் சட்டென்று எழும்பாதீர்கள். நீங்கள் எழும்பினால் பக்கத்தில் இருப்பவர் கூச்சத்தில் அரை வயிற்றோடு கையை எடுத்துவிடுவார். கோழியை விட இது பெரிய பிழை. தன் ஆளாக நினைத்ததால்தான் உங்களை ஒரே தட்டில் இருத்தினார்கள். நோன்புப் பெருநாளைக்குக் கட்டாயம் அவன் வீட்டுக்குப் போங்கள்.

கேள்வி (கொழும்பில் வளர்ந்து, மட்டக்களப்பில் வேலை): கூட வேலை செய்பவர் தன் மனைவியின் வீட்டில் வாழ்கிறார். "வீட்டோட மாப்பிள்ளையா?" என்று பகிடியாகக் கேட்டேன். அறையே அமைதியாகிவிட்டது.

பதில்: இங்கே பெண்ணுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே போய் வாழ்வார். குடி என்கிற குலப் பிரிவும் தாய் வழியாகத்தான் வரும். அதைக் குறைவாகப் பேசினால் அந்த மனிதரை மட்டுமல்ல, ஊரையே பேசியதாகிவிடும். "சும்மாதான் சொன்னேன்" என்று மழுப்பாதீர்கள், அது இன்னும் நோகும். தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு இந்த வழக்கம் தெரியாது, மன்னியுங்கோ" என்று சொல்லுங்கள், போதும்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): செத்த வீட்டில் வாய் தவறி "போயிட்டு வாறன்" என்றுவிட்டேன்.

பதில்: சொல்லாமல் எழும்பிப் போவதுதான் முறை. துக்கத்தில் இருப்பவர்கள் அதை மனதில் வைத்திருக்க மாட்டார்கள். விடுங்கள்.

கேள்வி (கனடாவிலிருந்து வந்தவர்): கண்ணகி அம்மன் சடங்கில் தெய்வமாடியவரைப் பக்கத்தில் போய் போனில் படம் எடுத்தேன். ஒரு அம்மா அதட்டினார். அது சரியா?

பதில்: சரிதான், பிள்ளை. அனேகமான கண்ணகி கோயில்களில் வைகாசியில் கதவு திறந்தால் குளிர்த்தி என்கிற நிறைவுச் சடங்கு வரை சில நாட்கள்தான். அதற்காக ஊரே மச்சம் மாமிசம் விட்டுக் காத்திருக்கும். உங்கள் போன் வெளிச்சம் அவர்களின் கண்ணில் அடித்திருக்கும். அடுத்த முறை முதலில் கோயிலை நடத்துகிற வண்ணக்கரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அந்த அம்மாவைக் கண்டால் நின்று ஒரு வார்த்தை பேசுங்கள்.