நாய்க்குட்டிக்கு இரண்டாம் தடுப்பூசி தவறினால்

இரண்டாம் ஊசி தவறிவிட்டது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். குட்டிக்கு 8 வார வயதில் ஒரு ஊசி போட்டு, இப்போது 15 வாரம் என்கிறீர்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசியை உடனே போடுங்கள். 2 முதல் 4 வாரம் கழித்து இன்னொன்று.

முதல் ஊசி பலித்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் அந்த வயதில் தடுப்பு மருந்தை முறித்துவிடலாம். அதனால்தான் கடைசி ஊசி 16 வாரத்துக்குப் பிறகே விழவேண்டும்.

தடுப்பூசி அட்டையில் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். லெப்டோவும் (எலிக்காய்ச்சல் தடுப்பு) சேர்ந்திருந்தால் அது மட்டும் வேறு கணக்கு: கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரித்த மருந்து என்பதால், 6 வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் இரண்டு ஊசியும் புதிதாகத்தான். வெறிநாய்க்கடி ஊசி தனி. அதையும் கேட்டுப் போடுங்கள்.

குட்டிக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால், முதலில் மருத்துவரிடம் காட்டிக் குணமாக்குங்கள். அதுவரை ஊசி வேண்டாம்.