கிணறும் பாகமும்: சமரச மையத்தில் எப்படிப் பேசுவது?

கேள்வி: மேலூர் அருகே பெரியாறு பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை, அதில் ஒரு கிணறு, ஊருக்குள் பழைய வீடு ஆகியவற்றை விட்டுவிட்டு, உயில் எழுதாமலே அப்பா காலமானார். நிலத்தை அண்ணன் உழுகிறார். நான் மதுரையில் கடை வைத்திருக்கிறேன். நான் தொடுத்த பாகப்பிரிவினை வழக்கு ஆறு ஆண்டுகளாக வாய்தாவிலேயே நிற்கிறது. இப்போது நீதிபதி எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே இறங்கிப் பேசினால் என் வழக்கு பலவீனமாகிவிடாதா? எப்படிப் பேச வேண்டும்?
(வாசகர், மேலூர் வட்டம்)

பதில்: பலவீனமாகாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படிதான் நீதிபதி உங்களை அனுப்பியிருக்கிறார். பேச்சு முறிந்தால், முறிந்தது என்பதை மட்டுமே பேச்சை நடத்தும் சமரசர் நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பார்; 'இவ்வளவு கிடைத்தால் போதும்' என்று நீங்கள் அங்கே சொன்னதை அண்ணன் தரப்பு பின்னர் சாட்சியமாகக் காட்ட முடியாது.

போவதற்கு முன்பு, உடன்பாடு வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினையில், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணையோடு வழக்கு முடிவதில்லை. நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் வந்து அளந்து, அதன்மேல் ஆட்சேபணைகள் கேட்கப்பட்டு, இறுதித் தீர்ப்பாணை வர வேண்டும், இரண்டின் மீதும் மேல்முறையீடு செய்யலாம். அந்த ஆண்டுகளையும் செலவையும் கழித்த பிறகு கையில் நிற்பதோடுதான் அண்ணன் தர முன்வருவதை ஒப்பிட வேண்டும்.

இருவரும் 'பாதி' என்றே பேசிக்கொண்டிருந்தால் பேச்சு நகராது. கால்வாயில் தண்ணீர் வராத மாதங்களில் கிணறு இல்லாத பாதி நிலம் அண்ணனுக்குப் பயன்படாது. உங்களுக்கோ உழவைவிட வீடோ ரொக்கமோ தேவையாக இருக்கலாம். "அண்ணே, கிணறு கைவிட்டுப் போனால் உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டு, பதிலை இடைமறிக்காமல் கேளுங்கள். அவர் எதிரில் நீங்கள் சொல்ல முடியாததைத் தனி அமர்வில் சமரசரிடம் சொல்லலாம். நீங்கள் சம்மதிக்காமல் அது அடுத்த அறைக்குப் போகாது. நிலம் முழுவதும் அவருக்கு, வீடும் ஈட்டுத்தொகையும் உங்களுக்கு என்ற வழி அப்படித்தான் பிறக்கும். நிலத்தைப் பிரித்தே ஆக வேண்டுமென்றால், ஒருவர் பிரிக்க மற்றவர் முதலில் எடுத்துக்கொள்ளட்டும்; பிரிப்பவர் தாமாகவே நியாயமாகப் பிரிப்பார்.

உங்கள் கடிதத்தில் உடன்பிறந்த பெண்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அக்காளோ தங்கையோ இருந்தால் அவருக்கும் உங்களுக்குச் சமமான பங்கு உண்டு. அவரை வழக்கில் சேர்க்காமல் எழுதும் உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது. சீர் செய்தாகிவிட்டது என்று ஊரில் சொல்லும் வாதம் சட்டத்தில் நிற்காது, நியாயத்திலும் நிற்காது.

எழுதும்போது அவசரப்படாதீர்கள். புல எண், நான்கெல்லை, நடைபாதை ஆகியவற்றோடு, கிணறு பொதுவில் இருந்தால் யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், மோட்டார் பழுதானால் யார் செலவு என்பது வரை எழுத வேண்டும். 'அனுசரித்துக்கொள்வோம்' என்று விட்ட வரிதான் அடுத்த கோடையில் புதிய வழக்காக வரும். ரொக்கத்துக்குத் தேதியும், தேதி தவறினால் வட்டியும் குறிப்பிடுங்கள். கையெழுத்தான உடன்பாட்டை ஏற்று நீதிமன்றம் தீர்ப்பாணை வழங்கும். சமரசத்தில் முடிந்த வழக்குக்குக் கட்டிய நீதிமன்றக் கட்டணம் முழுவதையும் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி திரும்பப் பெறலாம். அதற்கான சான்றை அன்றே கேட்டு வாங்குமாறு வழக்கறிஞரிடம் சொல்லிவையுங்கள்.