உயிர்ப்பு விழா ஒரே நாளோடு முடிந்துவிடுகிறதா?

கேள்வி: தவக்காலம் முழுவதும் நிரம்பி வழிந்த எங்கள் பங்கு ஆலயம், உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) முடிந்ததும் வெறிச்சோடிவிடுகிறது. விழா அன்றோடு முடிந்துவிட்டதாகக் கருதுவது சரியா?

பதில்: சரியன்று. உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவியார் பெருவிழா வரையிலான 50 நாள்களையும் ஒரே பெருவிழாவாகக் கொண்டாடுமாறு திருச்சபை கேட்கிறது. தவக்கால நோன்பின் 40 நாள்களைவிட நீண்ட காலம் இது. ஐந்து சாம்பிராணி மணிகள் பதித்து, அகரமும் னகரமும் அவ்வாண்டின் எண்களும் பொறிக்கப்பட்ட பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுதிரி, இக்காலம் முழுவதும் வழிபாடுகளில் எரிகிறது. ஞாயிறு திருப்பலியின் முதல் வாசகமும் பழைய ஏற்பாட்டிலிருந்து அன்றி, திருத்தூதர் பணிகள் நூலிலிருந்தே எடுக்கப்படுகிறது.

அந்நூலின் 6-ஆம் அதிகாரத்தை அவசியம் வாசியுங்கள். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் முறையாகக் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தபோது, திருத்தூதர்கள் அதை மூடி மறைக்காமல், சீடர்களை ஒன்றுகூட்டி, நற்சான்று பெற்ற எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்து பொறுப்பை ஒப்படைத்தனர். என் பார்வையில், பங்குச் சமூகம் இக்காலத்தில் கற்க வேண்டிய முதன்மையான பாடம் இதுவே. ஆகவே, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடான திருவிழிப்பில் திருமுழுக்குப் பெற்ற புதியவர்களுக்கு யார் துணைநிற்கிறார்கள் என்றும், ஆலயத்துக்கு வர இயலாத நோயாளர்களுக்கு நற்கருணை தவறாமல் சென்று சேருகிறதா என்றும் உங்கள் பங்குப் பேரவையில் கேளுங்கள்.